யார் ரத்தத்தில் குறை?

கேள்வி: எனக்கு முதல் பிள்ளை, பையன். 'ஜி6பிடி குறைபாடு' என்று ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். "எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை, உன் ரத்தத்தில்தான் குறை" என்கிறார் மாமியார். உண்மையா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, முதலில் அலமாரியில் பாச்சை உருண்டை கிடந்தால் எடுத்து வீசுங்கள். அந்த வாசனை அடிக்கும் துணி பிள்ளை மேல் படவே கூடாது. காச்சாங் பாராங் (ஃபாவா அவரை) வேண்டாம், பால் கொடுக்கும் உங்களுக்கும்தான். எந்த மருந்து வாங்கினாலும் அட்டையைக் காட்டுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி. அது பையனுக்குக் குறைவு, அவ்வளவுதான். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது இருக்கிறது.

சரி, மாமியார் பேச்சு. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். ஆனால் உங்களுக்கு அது உங்கள் அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும், அவர்களுக்கு அவர்களைப் பெற்றவர்களிடமிருந்து. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

இது ஏன் இத்தனை பேரிடம் தங்கியது என்பதைத்தான் நான் வகுப்பில் ஆசையாகச் சொல்லிக் கொடுப்பேன். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்துதான் பெருகும். இந்த நொதி குறைந்த அணு அதற்குச் சரியான இடமில்லை. மரபணு மாறியது தற்செயல். ஆனால் கொசு மண்டிய ஊர்களில் அந்த மாற்றம் உள்ளவர்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் குறைபாடு பற்றி 1949இல் இதே யோசனையைச் சொன்னவர் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர். பிறகு இந்தியாவிலேயே குடியேறி, 1964இல் புவனேஸ்வரில் காலமானார்.

எங்கள் பாட்டி நிபோங் தெபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில்) நிற்கும்போதே மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையை வாயில் போட்டு, விழுங்கினார்களா என்று நாக்கை நீட்டச் சொல்லிக் கங்காணி பார்ப்பாராம். அந்தக் கசப்பைச் சொல்லும்போது வயதான காலத்திலும் அவருக்கு முகம் சுளிக்கும். குளிர்க்காய்ச்சலில் லயத்துக்கு லயம் ஆள் போன காலம் அது. உங்கள் பையனுடைய ரத்தத்தில் இருப்பது அதைவிடப் பல ஆயிரம் வருடம் பழைய காய்ச்சலின் தழும்பு.

மாமியாரும் தோட்டத்துப் பிள்ளை என்றால், சண்டை போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய பாட்டி எத்தனை பெற்றார், எத்தனை தங்கியது என்று கேட்டுப் பாருங்கள்.