நாயகர்களின் படமும் கொப்பியும்

வணக்கம் ஐயா,

யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். கிழமையில் மூன்று பின்னேரம் செய்முறை, இரண்டு பின்னேரம் ஓ/எல் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறேன். ஏழு றிப்போர்ட் எழுதாமல் கிடக்கிறது. மேசைக்கு மேலே மேரி கியூரி, இராமானுஜன், பரடே மூவரின் படங்களும் ஒட்டியிருக்கிறேன். முந்தி பார்த்தால் உற்சாகம் வரும், இப்போது வெட்கம்தான் வருகிறது. நித்திரை கொள்ளாமல் உழைத்தவர்கள் அல்லவா? ரியூசனை விட்டுவிடவா? இன்னொன்று: செய்முறைக் கொப்பியில் பிழைத்த அளவீட்டை ரிப்பெக்ஸ் பூசி மறைக்கலாமா?

வாசகி, கோண்டாவில்

அன்புள்ள பிள்ளை,

முதலில் அந்த ஏழு றிப்போர்ட். அவை சேர்ந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்று ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வருவதுதான். நியமிப்பு (ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து மற்றதன் செறிவைக் காண்பது) முடிந்த கையோடு, துளி விடும் குழாயான அளவியைக் கழுவ முன்னம், செறிவைக் கரடுமுரடாகவேனும் கணக்கிட்டுப் பாரும். விடை பத்து மடங்கு பிசகினால் கரைசல் இன்னும் மேசையில் இருக்கிறது, திரும்பச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை அதே பிழையைக் கண்டுபிடித்தால் மூன்று மணித்தியாலம் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

விடை எங்கே பிசகும் என்பதும் பெரும்பாலும் தெரிந்த இடங்கள்தான். அளவியைத் தண்ணீரால் கழுவிவிட்டு, நிரப்பப்போகும் கரைசலால் அலசாமல் விட்டால் கரைசல் ஐதாகும், வாசிப்பு கூடும். நியமிப்புக் குடுவைக்கு இது நேர்மாறு: காய்ச்சி வடித்த நீர் போதும், உள்ளே விடப்போகும் கரைசலால் அலசினால் அளவு கூடிப்போகும். புனலை அளவியின் வாயிலேயே விட்டுவைத்தால் இடைநடுவில் துளி விழுந்து வாசிப்பு குறையும். திருகுபிடிக்குக் கீழே நுனியில் காற்றுக்குமிழ் நின்று நடுவில் வெளியேறினால் வாசிப்பு கூடும். சோடியம் ஐதரொட்சைட்டை அளவியில் எடுத்தால் பினோப்தலீன் என்ற நிறங்காட்டியின் மெல்லிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும். அதற்குப் பிறகு நிறம் மங்குவது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டால். முடிவுப்புள்ளி இன்னும் வரவில்லை என்று நினைத்து மேலும் இரண்டு துளி விடுவதுதான் வழமையான தவறு. ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். ஒவ்வொரு வாசிப்பிலும் அவ்வளவு வழு இருக்கலாம். தொடக்கம், முடிவு என இரண்டு வாசிப்புக்கும் சேர்த்து 0.1. 25 மில்லிலீற்றரில் அது 0.4 வீதம், 5 மில்லிலீற்றரில் 2 வீதம். றிப்போர்ட்டின் வழுப் பகுதியில் 'மனிதத் தவறு' என்று பொதுவாக எழுதுவதை விட இந்த இரண்டு வரி பெறுமதியானது.

உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு வருபவர்களுக்கு இன்னொரு சுமை உண்டு. அளவி பியூரெட் ஆகிறது, குழாயி பிப்பெட் ஆகிறது, வீழ்படிவு பிரிசிப்பிற்றேற் ஆகிறது. கொப்பியின் கடைசிப் பக்கங்களில் இரண்டு நிரல் கீறி, ஒவ்வொரு செய்முறைக்கும் புதிதாக வந்த ஐந்தாறு சொற்களை எழுதி வாரும். றிப்போர்ட் எழுதும் வேகம் அதில்தான் கூடும். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டார். அவர் தமிழில் கொண்டுவந்த இரசாயன நூல் 'கெமிஸ்தம்' 1875இல் அச்சானது. பெயரைப் பார்த்துச் சிரிக்கலாம்தான். ஆனால் உம்முடைய சுவரில் அவருக்கும் ஒரு இடம் கொடுக்கலாம்.

சுவரில் இருப்பவர்களைப் பற்றி. நித்திரையை விட்டவர்கள் என்பதற்காக அவர்களைக் கும்பிடாதேயும். இராமானுஜன் கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் கல்லூரியில் புலமைப்பரிசிலை இழந்தார், பிறகு எவ்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைப் பரீட்சையிலும் சித்தியடையவில்லை. அவருடைய கணிதத்தை வியப்போம், நேரசூசியை வேண்டாம். கியூரி பாரிசுக்குப் போக முன்னம் சில வருடங்கள் வீட்டு ஆசிரியையாக வேலை செய்து அக்காவின் படிப்புக்குப் பணம் அனுப்பியவர். பாரிசுக்குப் போனது 1891இல், ஏறக்குறைய 24 வயதில். 1893இல் பௌதிகத்தில் முதலிடம். ஆகவே ரியூசன் கொடுப்பது வெட்கப்பட வேண்டிய விசயம் அல்ல. இரண்டு பின்னேரத்தையும் ஒரே நாளாக்கி, சனி காலையில் வைத்துப் பாரும். செய்முறை நாளின் இரவு றிப்போர்ட்டுக்கு மட்டும். பரீட்சைக்கு முந்திய மாதம் ரியூசனை நிறுத்துவதாகப் பெற்றோரிடம் இப்போதே சொல்லிவிடும்.

மூவரில் உமக்கு உண்மையில் உதவக்கூடியவர் பரடே. புத்தகம் கட்டும் தொழில் பழகியவர், 1812இல் இரசாயனவியலாளர் டேவியின் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதைத் தானே கட்டி டேவிக்கு அனுப்பித்தான் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தார். பிற்காலத்தில் நாட்குறிப்பின் ஒவ்வொரு பந்திக்கும் தொடர் இலக்கம் போட்டார், அது 16,000ஐயும் தாண்டியது. பலன் தராத பரிசோதனைகளும் அதிலேயே இருக்கின்றன. நீரும் இலக்கம் போடும், 'பந்தி 14இல் உள்ள வாசிப்பு' என்று பிறகு ஒரே வரியில் சுட்டலாம்.

ரிப்பெக்ஸ் வேண்டாம். ஒற்றைக் கோடு, கீழே உள்ள எண் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், பக்கத்தில் காரணம் இரண்டு சொல்லில்: 'குமிழ் இருந்தது'. வெட்டிய எண்தான் சில வேளை சரியானதாக இருக்கும்.