15 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு முக்கூடல் பக்கத்து ஊர். பதினாறு வயசிலிருந்து பீடி சுற்றுகிறேன், இப்போது 41. கம்பெனிக்காக இலையும் புகையிலைத் தூளும் கொடுத்துப் பீடி வாங்குகிற எங்கள் கடையில் புதுக் கூலி ஒப்பந்தம் பேசுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு 15 ரூபாய் ஏற்றித் தருகிறோம், மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறது கம்பெனி. சங்கத்தில் பாதிப் பேர் வாங்கிக்கொள்வோம் என்கிறார்கள், பாதிப் பேர் கூடவே கூடாது என்கிறார்கள். கோயில் மண்டபத்தில் ராத்திரி பத்து மணிவரை ஒரே சத்தம். என் மதினி ஒரு கட்சி, நான் ஒரு கட்சி, இரண்டு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நான் ஒரு நாளைக்கு 700 சுற்றுவேன். கடையில் போடுகிற இலை பற்றாமல் வாரம் 60 ரூபாய்க்கு வெளியே இலை வாங்குகிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் மதினி வீட்டுக்குப் போய்ப் பேசிவிடுங்கள், தங்கச்சி. நீங்கள் இரண்டு பேரும் ஒரே கடையில் இலை வாங்குகிறவர்கள், ஒரே கணக்கப்பிள்ளையிடம் நிற்கிறவர்கள்.

அப்புறம் கணக்குக்கு வருவோம். ஆயிரத்துக்கு 15 ரூபாய் என்றால் ஒரு பீடிக்கு ஒன்றரைப் பைசா. ஆறு நாளும் வேலை கிடைத்து நாளைக்கு 700 சுற்றினால் வாரத்துக்கு 4,200 பீடி, அதற்கு ஏறுகிற கூலி 63 ரூபாய். நீங்கள் இலைக்குக் கொடுப்பது 60. இப்போதே கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிற பணத்தைத்தான் கூலி உயர்வு என்று பெயர் வைத்துத் திருப்பித் தரப் பார்க்கிறார்கள். இதை வைத்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், நான் சொல்ல வருவது வேறு. கடையில் இலையை ஒழுங்காகப் போட்டாலே இன்னொரு 15 ரூபாய் ஏறினது மாதிரி. மண்டபத்தில் இத்தனை நாள் 15-ஆ 20-ஆ என்று சண்டை போட்டவர்களில் எத்தனை பேர் இலையைப் பற்றிப் பேசினார்கள்?

நான் பீடி சுற்றுகிற வீட்டில் வளர்ந்தவன், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா சாயங்காலம் இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பாள். காலையில் தகரத்தை வைத்து வெட்டும்போதுதான் தெரியும், பாதி இலை ஓட்டை, பாதி இலையில் தடித்த நரம்பு. எடை பார்த்தால் சரியாக இருக்கும், இலைதான் உதவாது. ஒரிசாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் காட்டில் பறித்த இலை இத்தனை தூரம் வந்து காய்ந்து நொறுங்கினால், அந்த நஷ்டம் அம்மா மடியில் விழும். கடையில் கணக்கப்பிள்ளை கட்டைப் பிரித்து நாலு பீடியை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, தூள் குறைவு என்று ஒரு கட்டை ஒதுக்கி வைப்பார். ஒரு கட்டுக்கு 25 பீடி. கழித்த பீடிக்குக் கூலியும் இல்லை, அந்தப் பீடியையும் திருப்பித் தரமாட்டார்கள். அவள் ஒருநாள் கூட எதிர்த்துக் கேட்டதில்லை, கேட்டால் மறுநாள் இலை கிடைக்காது. சுளகைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபிறகுதான் அழுவாள்.

அதனால் ஒப்பந்த நகலைக் கையில் வாங்குங்கள். தமிழில் வாங்குங்கள், கூட்டத்தில் ஒருவரை விட்டு வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். ஆயிரம் பீடிக்கு எத்தனை கிராம் இலை, எத்தனை கிராம் தூள் என்று எழுதியிருக்கிறதா? மோசமான இலையை மாற்றித் தருவார்களா? நூறில் எத்தனைக்கு மேல் கழிக்கக் கூடாது என்று அளவு இருக்கிறதா, கழித்ததைச் சுற்றினவளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறதா? வாரத்துக்குக் குறைந்தது எத்தனை நாள் வேலை? கூலியை ஏற்றிவிட்டு ஆறு நாள் இலையை நாலு நாளாக ஆக்கினால் குழுக் கடன் தவணை கட்டக்கூட வராது. எல்லாவற்றையும்விட ஆபத்தான வரி ஒன்று உண்டு: அந்த 15 ரூபாய் பஞ்சப்படி போகத் தனியா, பஞ்சப்படியும் சேர்த்தா? நம் மாநிலத்தில் விலைவாசிப் புள்ளியை வைத்து வருஷா வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பஞ்சப்படி மாறும். ‘உட்பட’ என்று ஒரு சொல் உள்ளே நுழைந்துவிட்டால் மூன்று வருஷ விலையேற்றமும் அந்தப் பதினைந்துக்குள் அடங்கிப்போகும். அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகிற ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டாலும் அது சட்டப்படி செல்லாது, அந்த அரசாணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வாங்கிக்கொள்வோம் என்கிறவர்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். அதிகம் கேட்டால் இலையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவான் என்பது சும்மா சொல்கிற பேச்சில்லை, நடக்கிறதுதான். அதற்கு மருந்து கூலியைக் குறைத்து வாங்குவதில்லை. ஆலங்குளத்துக்கும் பாவூர்ச்சத்திரத்துக்கும் மேலப்பாளையத்துக்கும் உங்கள் ஊருக்கும் ஒரே கூலி என்று எல்லாச் சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். ஊருக்கு ஒரு கூலி இருக்கிறவரைக்கும்தான் ஊரைக் காட்டி ஊரை மிரட்ட முடியும்.

கையெழுத்து எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். சங்கத்துக்காரர்கள் ‘12(3) ஒப்பந்தம்’, ‘18(1) ஒப்பந்தம்’ என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். பழைய 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் பிரிவுகள் அவை. தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சமரசம் பேசிப் போடுவது 12(3), அது சங்கத்தில் இருக்கிறவர் இல்லாதவர், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவர் எல்லாரையும் கட்டும். கம்பெனியும் ஒரு சங்கமும் தனியாக உட்கார்ந்து போடுவது 18(1), கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும்தான் கட்டும். அதற்குப் பதிலாக வந்திருக்கிற, 2020-இல் இயற்றிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது. அதிகாரி முன்னால்தான் போடுவோம் என்று நில்லுங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டீர்கள், சொல்கிறேன். இலை, கழிவு, வேலைநாள், பஞ்சப்படி நாலும் எழுத்தில் வந்தால் 15 ரூபாய்க்கே சம்மதிக்கலாம். நாலும் இல்லாமல் 25 தருகிறேன் என்றாலும் நான் போடமாட்டேன்.

கேள்வி: நியாயமான கூலி என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதற்கு அளவுகோல் ஏதாவது உண்டா? (கல்லூரி மாணவி, கடையம்)

பதில்: உண்டு. 1957-இல் நடந்த 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் சேர்ந்து ஒரு கணக்கை ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் சம்பாத்தியத்தில் மூன்று அலகு, அதாவது மூன்று முழு ஆள் சாப்பாடு, கிடைக்க வேண்டும், அலகுக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை தனி, விறகு விளக்கு மாதிரிச் செலவுகளுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். பிறகு 1991-இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், கல்யாணம், வயசான காலம் இதற்கெல்லாம் இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. அந்த மூன்று அலகில் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்கு 0.6 வீதம் என்று வைப்பது வழக்கம். நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிறவளுக்குச் சாப்பாடு 0.8 போதும் என்று யார் முடிவு செய்தார்களோ, எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும். மனைவி சம்பாத்தியத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. நம் பக்கத்தில் நடப்பது தலைகீழ். பீடிக்காசு சும்மா கைச்செலவுக்கு என்று சொல்லிச் சொல்லியே கூலியை அமுக்கி வைத்திருக்கிறார்கள், எத்தனையோ வீட்டில் அரிசியே அந்தக் காசில்தான் வருகிறது. உங்கள் வீட்டு மாதச் செலவை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்து, சங்கக் கூட்டத்தில் எழுந்து வாசியுங்கள்.

கேள்வி: கூட்டம், ஊர்வலம், ஸ்ட்ரைக் என்று போய் இந்தச் சீமையில் யாருக்காவது கூலி ஏறியிருக்கிறதா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: ஏறியிருக்கிறது, விலையும் கொடுத்திருக்கிறோம். 1908 பிப்ரவரி 27-இல் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது, அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களோடு நின்றார்கள். ஊரே பணம் திரட்டிச் சோறு போட்டது, ஸ்ட்ரைக்கை எதிர்த்துப் பேசிய ஒரு வக்கீலுக்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்துவிட்டார். சில நாளிலேயே நிர்வாகம் இறங்கிவந்து கூலியை உயர்த்தியது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பாபநாசத்தில் மில் வைத்திருந்த அதே ஹார்வி நிர்வாகம்தான். மார்ச் 12-இல் இரண்டு தலைவர்களும் கைதானார்கள், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்ததில் துப்பாக்கிச்சூட்டில் நாலு பேர் செத்தார்கள்.

1999 ஜூலை 23-ஐ நம் தலைமுறை மறக்க முடியாது. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லியும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில், தாமிரபரணி ஆற்றில் 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை ஒன்றும் அதில் உண்டு. அந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது இன்றைக்கும் நான் பேசாமல்தான் வருவேன்.

கேள்வி: என் அக்கா பெயரில் உள்ள பீடிக் கடை கார்டில் நான் பீடி கொடுக்கிறேன். எனக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உண்டா? (மேலப்பாளையம்)

பதில்: பணம் அக்கா கணக்கில்தான் ஏறும். வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களும் பி.எஃப். சட்டத்துக்குள் வருவார்கள் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பீடித் தொழிலுக்குத் தொழிலாளி பங்கு கூலியில் 10 சதவீதம், அதே அளவு கம்பெனியும் போட வேண்டும். ஒப்பந்தம் பேசுகிற இந்தச் சமயத்திலேயே, கார்டு இல்லாமல் சுற்றுகிறவர்களுக்குச் சொந்தப் பெயரில் கார்டு போட வேண்டும் என்று சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் கார்டில் எழுதுகிற பெயரும் எழுத்து மாறாமல் இருக்கட்டும், பின்னால் பணம் எடுக்கும்போது பெண்கள் அலைவது பெரும்பாலும் அதற்காகத்தான்.