பேனல் மாடியில், பேட்டரி கீழே: எந்த அளவு கேபிள் வாங்குவது?

கேள்வி: மொட்டை மாடியில் 160 வாட் சோலார் பேனல் இரண்டு வைக்கப் போகிறேன். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி கீழ்த்தளத்தில் இருக்கும். கேபிள் போகும் வழியை அளந்தால் 12 மீட்டர் வருகிறது. "4 ஸ்கொயர் எம்எம் போதும், 30 ஆம்பியர் தாங்கும்" என்கிறார் கடைக்காரர். "16-க்குக் கீழே வாங்காதே" என்கிறார் நண்பர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: கடைக்காரர் கேபிள் சூடாகுமா என்று பார்க்கிறார். அந்த அளவில் அவர் சொல்வது தப்பில்லை. உங்கள் நண்பர் வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்க்கிறார். 12 வோல்ட் சமாசாரத்தில் கேபிளின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். வீட்டின் 230 வோல்ட் லைனில் 2 வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அதே 2 வோல்ட் ஆறில் ஒரு பங்கு.

காப்பர் கேபிளுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒருவழித் தூரத்தை ஆம்பியரால் பெருக்கி, அதை 0.035 ஆல் பெருக்கி, கேபிளின் சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் இழப்பு வோல்ட்டில் வந்துவிடும். கரண்ட் போக ஒரு ஒயர், திரும்பி வர ஒரு ஒயர் என்பது அந்த 0.035-லேயே அடங்கிவிட்டது. தூரத்தை மறுபடி இரட்டிப்பாக்க வேண்டாம்.

உங்கள் பேனல் ஒவ்வொன்றும் 18 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் தரும். இரண்டையும் பேரலலாக இணைத்தால் 18 ஆம்பியர். 4 சதுர மி.மீ. கேபிளில் 12 × 18 × 0.035 ÷ 4, அதாவது 1.89 வோல்ட் போய்விடும். 320 வாட்டில் 34 வாட் கேபிளைச் சூடாக்கவே செலவாகிறது. 6 போட்டால் இழப்பு 1.26 வோல்ட், 10 போட்டால் 0.76, 16 போட்டால் 0.47. மூன்று சதவீதத்துக்குள் நிறுத்துவது நல்ல வழக்கம். 18 வோல்ட்டில் அது 0.54. ஆக, பேரலல் இணைப்பு என்றால் நண்பர் சொன்ன 16 தான் சரி.

ஆனால் அவ்வளவு காப்பருக்குப் பணம் கொட்ட வேண்டியதே இல்லை. இரண்டு பேனலையும் சீரியஸில் போடுங்கள். 36 வோல்ட், 9 ஆம்பியர் ஆகிவிடும். இப்போது அதே 4 சதுர மி.மீ. கேபிளில் இழப்பு 0.95 வோல்ட், 36-ல் மூன்று சதவீதத்துக்கும் கீழே. கடைக்காரர் சொன்ன கேபிளே போதும்! இதற்கு எம்பிபிடி கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்து, கூடுதல் வோல்ட்டேஜைக் கூடுதல் கரண்டாக மாற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி அது. அதன் அதிகபட்ச இன்புட் வோல்ட்டேஜையும் பாருங்கள். லோடு இல்லாதபோது ஒரு பேனல் சுமார் 22 வோல்ட் காட்டும், இரண்டும் சேர்ந்தால் 44. குளிரில் இன்னும் ஏறும். 50 வோல்ட் வரைதான் தாங்கும் என்று போட்டிருந்தால் விட்டுவிட்டு, 75 அல்லது 100 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள்.

பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (கூடுதல் வோல்ட்டேஜை அப்படிக் கரண்டாக மாற்றாத சாதாரண வகை) ஏற்கெனவே கையில் இருக்கிறதா? அதற்குப் பேரலல் மட்டும்தான். 'அது 18 வோல்ட்டை எப்படியும் பேட்டரி அளவுக்கு இறக்கத்தானே போகிறது, வழியில் கொஞ்சம் போனால் என்ன' என்று கேட்பார்கள். காலையில் அது செல்லும். மதிய வெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சூடானால் 18 வோல்ட் 15 பக்கம் இறங்கிவிடும். அதில் 1.89 போனால், 14.4 வோல்ட் கேட்கும் லெட் ஆசிட் பேட்டரிக்கு மிஞ்சுவது என்ன? வெயில் கொளுத்தும் நேரத்தில்தான் சார்ஜ் திணறும்.

கேள்வி: கன்ட்ரோலரை மாடியிலேயே வைத்துவிட்டால் என்ன?

பதில்: வேண்டாம். பேட்டரிக்குப் பக்கத்தில், ஒன்றரை மீட்டருக்குள் வையுங்கள். கன்ட்ரோலர் தன் முனையில் தெரியும் வோல்ட்டேஜைத்தான் பேட்டரியின் வோல்ட்டேஜ் என்று நம்புகிறது. நடுவில் அரை வோல்ட் போனால், அங்கே 14.4 காட்டும்போது பேட்டரியில் 13.9 தான் இருக்கும். நிறைந்துவிட்டது என்று நினைத்து கன்ட்ரோலர் முன்கூட்டியே கரண்டைக் குறைக்கத் தொடங்கும். எம்பிபிடி என்றால் பேட்டரிப் பக்கம் 25 ஆம்பியர் வரை போகும். ஒன்றரை மீட்டருக்கு 10 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.13 வோல்ட்தான். தூரம் குறைவு என்பதால் இங்கே தடிமனான கேபிள் போட்டாலும் செலவு பெரிதாக ஏறாது. கஞ்சத்தனம் வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் '10 ஏடபிள்யூஜி' என்று போட்டிருக்கிறார்கள். அது 10 சதுர மி.மீ. தானா?

பதில்: இல்லை, 5.26 தான். ஏடபிள்யூஜி என்பது அமெரிக்கக் கம்பி அளவு முறை, அதில் எண் ஏற ஏற கம்பி மெலியும். 12 என்றால் 3.31, 8 என்றால் 8.37, 6 என்றால் 13.3 சதுர மி.மீ. வெறும் 'எம்எம்' என்று மட்டும் போட்டிருந்தால் அது வெளிவிட்டமாகவும் இருக்கலாம். ஸ்கொயர் எம்எம் எவ்வளவு என்று கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

கேள்வி: ஒரே அளவு கேபிள் ஒரு இடத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: காப்பர் பூசிய அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம். அலுமினியத்தின் மின்தடை காப்பரைப் போல சுமார் 1.6 மடங்கு. மேலே போட்ட கணக்கெல்லாம் அங்கே செல்லாது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய அசல் காப்பர், நல்ல சோலார் கேபிள் அப்படித்தான் இருக்கும். எடையும் காட்டிக்கொடுக்கும். 10 சதுர மி.மீ. கேபிளில் மீட்டருக்குக் காப்பர் மட்டுமே கிட்டத்தட்ட 90 கிராம் இருக்க வேண்டும். அலுமினியம் அதில் பாதிகூட வராது. அப்புறம், வெயிலில் கிடக்கும் பகுதிக்குச் சாதாரண வீட்டு ஒயரைப் போடாதீர்கள். சில வருஷத்தில் தோல் வெடித்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏற்கெனவே போட்ட கேபிள் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபியூஸ் தேவையா?

பதில்: நல்ல வெயிலில் சார்ஜ் ஏறும்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கன்ட்ரோலரின் பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் தொடுங்கள். மைனஸுக்கும் அப்படியே செய்து இரண்டையும் கூட்டுங்கள். வருவதுதான் உங்கள் இழப்பு. கணக்கில் வருவதைவிட மிக அதிகமாக இருந்தால் கேபிளைக் குற்றம் சொல்வதற்கு முன் லக்குகளை (கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனைகளை) தொட்டுப் பாருங்கள். சரியாக அழுத்தி கிரிம்ப் செய்யாத லக் சுடும். கேபிளே போதவில்லை என்றால் பிடுங்கி எறிய வேண்டாம், அதே அளவில் இன்னொரு ஜோடியைக் கூடவே இழுத்து இணைத்தால் இழப்பு பாதியாகும்.

ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே போடுங்கள், கன்ட்ரோலர் பக்கம் அல்ல. ஷார்ட் ஆனால் கரண்டைக் கொட்டப்போவது பேட்டரிதான். 30 ஆம்பியர் கன்ட்ரோலர், 10 சதுர மி.மீ. கேபிள் என்றால் 40 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். வீட்டு ஏசி பிரேக்கரை எடுத்து மாட்டாதீர்கள். டிசியில் பொறி தானாக அணையாது, டிசிக்கென்று அளவு குறித்ததைக் கேட்டு வாங்குங்கள்.