லினக்ஸ் கெர்னலுக்கு இயல்பான கிராஸ் கம்பைலர்: கேள்வி பதில்

கேள்வி: என் மடிக்கணினியில் இருப்பது எக்ஸ்86 வகைச் செயலி. அதில் கிராஸ் கம்பைலர் (வேறு வகைச் செயலிக்கு நிரல் தரும் கம்பைலர்) கொண்டு, ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்கு 64 பிட் ஆர்ம் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் கம்பைலரின் முன்னொட்டை, அதாவது அதன் பெயரில் 'ஜிசிசி'க்கு முன்னால் வரும் பகுதியை, தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. மேக்ஃபைலிலேயே ('மேக்' என்ற கட்டும் கருவி படிக்கும் கோப்பில்) எழுதிவிடலாமா?

பதில்: எழுதலாம். ஆனால் எந்தக் குறியோடு எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். வெறும் '=' போட்டால், டெர்மினலில் எக்ஸ்போர்ட் செய்துவைத்த மதிப்பை மேக் பொருட்படுத்தாது. '?=' போட்டால், வேறெங்கும் மதிப்பு தராதபோது மட்டுமே உங்கள் வரி செல்லும். மேக் கட்டளையோடு சேர்த்துத் தரும் மதிப்போ இரண்டையும் மீறும். எந்த வகைச் செயலிக்குக் கட்டுவது என்பதைக் கெர்னலின் தலைமை மேக்ஃபைலே '?=' கொண்டுதான் வைக்கிறது. ஆனாலும் அந்தக் கோப்பில் கை வைக்காதீர்கள் என்பேன். புதிய பதிப்பை இழுக்கும்போது உங்கள் வரி குறுக்கே நிற்கக்கூடும். முன்னொட்டைக் கொடுத்து மேக்கை அழைக்கும் இரண்டு வரி ஷெல் ஸ்கிரிப்ட் போதும்.

கேள்வி: முன்னொட்டைக் கொடுத்தும் 'ஏஆர்ச்64-லினக்ஸ்-குனுஜிசிசி' என்ற கட்டளை இல்லை என்கிறதே?

பதில்: கடைசிச் சிறுகோடு விட்டுப்போயிருக்கிறது. 'ஏஆர்ச்64-லினக்ஸ்-குனு-' என்று கோட்டோடு முடிய வேண்டும். மேக் அதன் பின்னால் 'ஜிசிசி'யை அப்படியே ஒட்டும். மேக்ஃபைலில் அந்தக் கோட்டுக்குப் பின் ஓர் இடைவெளி கிடந்தாலும் அதுவும் மதிப்பில் சேர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பிழை அது.

கேள்வி: பழைய கையேட்டில், மெனுகான்ஃபிக்கிலேயே (கெர்னலின் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் திரையிலேயே) முன்னொட்டைக் கேட்கும் இடம் இருந்தது. இப்போது காணோமே?

பதில்: 2018இல் எடுத்துவிட்டார்கள். கெர்னலின் 4.18 பதிப்பு முதல், கம்பைலர் எந்தெந்த வசதிகளை ஏற்கிறது என்று கான்ஃபிக் கட்டமே அதனிடம் கேட்டுப் பார்க்கிறது. கம்பைலர் எது என்பதைக் கான்ஃபிக் முடிந்த பிறகு சொன்னால், கேட்பது யாரிடம்? ஆகவே மெனுகான்ஃபிக் ஓட்டும்போதே செயலி வகை, முன்னொட்டு இரண்டையும் கொடுங்கள். செயலி வகையை ஒருமுறை மறந்துவிட்டு ஓட்டினேன். பார்த்துப் பார்த்துத் தேர்ந்த ஆர்ம் அமைப்புகளைக் களைந்து, எக்ஸ்86க்கான கான்ஃபிக் கோப்பாக மாற்றி எழுதிவிட்டது. அன்றிலிருந்து கான்ஃபிக் கோப்புக்கு நகல் எடுக்காமல் நான் எதையும் தொடுவதில்லை.

கேள்வி: எம்68கே (மோட்டரோலா 68000 வகைச் செயலி) கெர்னலுக்கு முன்னொட்டே கொடுக்காமல் கட்ட முடிகிறதே, எப்படி?

பதில்: அதன் மேக்ஃபைலில் மூன்று முன்னொட்டுகளின் பட்டியல் இருக்கிறது. எதன் ஜிசிசி உங்கள் கணினியில் முதலில் அகப்படுகிறதோ, அதை எடுத்துக்கொள்ளும். அதுவும் நீங்கள் முன்னொட்டு தராதபோது, கட்டும் கணினி வேறு வகையாக இருந்தால் மட்டும். கேட்டவரின் சொல்லுக்கு இடம் விட்டு, பிறகே தானாகத் தேடுகிறது. நான் பார்த்ததில் ஒழுங்கான ஏற்பாடு இதுதான். 64 பிட் ஆர்முக்கு இப்படிப் பட்டியல் கிடையாது.

கேள்வி: ஜிசிசிக்குப் பதிலாக, எல்எல்விஎம் திட்டத்தின் கம்பைலரான கிளாங் கொண்டு கட்டினால்?

பதில்: ஒரே கிளாங் பல செயலிகளுக்கும் நிரல் தரும். கெர்னல் 5.15 முதல், மேக் கட்டளையோடு 'எல்எல்விஎம்=1' கொடுத்தால் முன்னொட்டு வேண்டாம்; செயலி வகையைச் சொன்னால் போதும்.