நூறு வரை சொல்கிறான், ஏழு கரண்டி எடுக்கத் தெரியவில்லை

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “ஐந்து வயது மகன் நூறு வரை கடகடவென்று சொல்கிறான். ஏழு கரண்டி எடுத்து வா என்றால் கைக்கு வந்ததை அள்ளி வருகிறான். பயிற்சிப் புத்தகம் வாங்கலாமா? தமிழுக்கும் ஏதாவது விளையாட்டு உண்டா?”

புத்தகம் இப்போது வேண்டாம், அம்மா. அவனுக்கு எண் வரிசை இன்னும் ஒரு பாட்டுதான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிடிபடவில்லை. இந்த வயதில் சகஜம்.

வீட்டில் சொங்காக் பலகை இருக்கிறதா? நம் பல்லாங்குழிக்கு உறவுதான். இல்லாவிட்டால் முட்டை அட்டை போதும். குழிக்கு ஒரு புளியங்கொட்டை, கொட்டைக்கு ஓர் எண். கொட்டை விழும்போதுதான் வாய் திறக்கவேண்டும். வாய் முந்தினால் முதலிலிருந்து. ஐந்து போட்டதும் துணியால் மூடிவிட்டு, “எத்தனை இருக்கு?” என்று கேளுங்கள். துணியை விலக்கி மறுபடி ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தால் இன்னும் வரவில்லை. “அஞ்சு” என்று பட்டென்று சொன்னால் வந்துவிட்டது. முழு சொங்காக் ஆட்டத்தில் குழிக்கு ஏழாக 14 குழிக்கு 98 கொட்டை. அதற்கு இன்னும் நாளிருக்கிறது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கொட்டையே வேண்டாம், பெரிய டப்பா மூடிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தைத் தாண்டினால் தமிழே கைகொடுக்கும். கிண்ணத்தில் பத்து, பக்கத்தில் மூன்று: பதின்மூன்று. தொண்ணூறில் மட்டும் தடுக்கும். ஒன்பது பத்துக்குள் ‘நூறு’ ஒலித்தால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

சரி, தமிழுக்கு வருவோம். அதே கொட்டைகள்தான். ‘கல்’ என்றால் ஒன்று, ‘கால்’ என்றால் இரண்டு. பல், பால்; படம், பாடம் என்று முதல் எழுத்துக்கு மட்டும் வைக்கட்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணம் சொல்வதும் இதைத்தான். ‘ல்’லுக்கு அரை மாத்திரை உண்டு; அரைக் கொட்டைக்கு எங்கே போவது, விட்டுவிடுங்கள்.

கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் ஆட்டம் தமிழில் சீக்கிரம் முட்டிக்கொள்ளும். ‘மரம்’ என்று முடித்தால் ‘ம்’மில் தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவான்? முதல் எழுத்து ஆட்டமே மேல். பாசாருக்குப் போகும்போது ‘வெ’ என்று எடுத்துக்கொடுங்கள். வெண்டை, வெள்ளரி, வெங்காயம் என்று விரல் மடக்கட்டும். நடுவில் வெல்லம் என்றால், காய் இல்லைதான், அதற்கும் ஒரு விரல் மடக்க விடுங்கள்.