பயிற்சியின் நடுவே மாணவர்கள் வெளியேற்றப்படுவது ஏன்?

வினா: சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் துணைப்பாட நிலையம் நடத்துகிறோம். பயிற்சித் தளத்தைச் சொந்த சர்வரில் இயக்குகிறோம். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித்) தேர்வு நெருங்குவதால் இரண்டாவது சர்வரைச் சேர்த்து, இரண்டுக்கும் பொதுவாக 4 ஜிபி நினைவகமுள்ள கணினியில் ரெடிஸ் (தரவை நினைவகத்திலேயே வைத்து வேகமாகத் தரும் மென்பொருள்) நிறுவினோம். வரம்பு 1 ஜிபி, நீக்கக் கொள்கை ஆல்கீஸ்-எல்ஆர்யூ (எல்லாப் பதிவுகளிலும் நெடுநேரம் தொடப்படாததை நீக்குவது). மாலையில் மாணவர்கள் பயிற்சியின் நடுவே வெளியேற்றப்படுகிறார்கள். நினைவகத்தைக் கூட்டினால் போதுமா?

விடை: போதாது, சிக்கல் சிறிது காலம் தள்ளிப்போகுமே தவிர தீராது. நீங்கள் வைத்திருக்கும் கொள்கை, வரம்பு நிறைந்ததும் எந்தப் பதிவையும் நீக்க ரெடிஸுக்கு அனுமதி தருகிறது. வினாத்தாள் பக்கத்தின் தற்காலிக நகலும் மாணவர் உள்நுழைந்திருப்பதைக் குறித்துவைக்கும் பதிவான அமர்வும் ஒரே இடத்தில் இருப்பதால், ரெடிஸ் அவற்றை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. கட்டுரைப் பயிற்சியில் மூழ்கிய பிள்ளை இருபது நிமிடம் எதையும் சொடுக்காமல் இருக்க, மற்றவர்கள் புதுப்புதுப் பக்கங்களைத் திறந்துகொண்டே போனால், நெடுநேரம் தொடப்படாத அந்த அமர்வே நீக்கத்துக்கு முதலில் ஆளாகிறது. நகலை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். அமர்வு போனால் அந்தப் பிள்ளையின் உழைப்பும் போகலாம். 'இன்ஃபோ ஸ்டேட்ஸ்' கட்டளை காட்டும் 'எவிக்டட் கீஸ்' (நீக்கப்பட்ட பதிவுகள்) எண் மாலையில் ஏறினால், காரணம் இதுவென்று உறுதிசெய்துகொள்ளலாம்.

வாலடைல்-எல்ஆர்யூவுக்கு மாறச் சிலர் சொல்வார்கள். அது காலாவதி நேரம் குறிக்கப்பட்ட பதிவுகளை மட்டுமே நீக்கும். அமர்வுகளுக்குத்தான் பெரும்பாலும் அந்த நேரம் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால் நிலைமை மோசமாகவும் கூடும். ரெடிஸில் இயல்பாக உள்ள 16 தரவுத்தளங்களுள் ஒன்றை அமர்வுக்கென ஒதுக்குவதும் பயன் தராது, ஏனெனில் நினைவக வரம்பும் நீக்கக் கொள்கையும் அவை அனைத்துக்கும் பொதுவானவை.

ஆகவே அதே கணினியில் இரண்டு ரெடிஸ்களைத் தனித்தனியாக இயக்குங்கள். 6379 போர்ட்டில் (இணைப்பு எண்ணில்) நகல்களுக்கு 1 ஜிபி, இப்போதைய கொள்கையே இருக்கட்டும், வட்டில் சேமிக்க வேண்டாம். 6380 போர்ட்டில் அமர்வுகளுக்கு 512 எம்பி, எதையும் நீக்காத நோ-எவிக்‌ஷன் கொள்கை, நொடிக்கொருமுறை வட்டில் எழுதும் ஏஓஎஃப் பதிவேடு (மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் கோப்பு). இரண்டுக்கும் தனித்தனிக் கோப்புறை அவசியம். நோ-எவிக்‌ஷனில் இடம் நிறைந்தால் எழுதும் கட்டளைகள் பிழையுடன் திரும்பும்; முக்கால் பங்கு நிறைந்ததுமே எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள். மீதி நினைவகத்தைக் காலியாகவே விடுங்கள், ஏஓஎஃப் கோப்பை மாற்றியெழுதும் வேளையில் ரெடிஸுக்குக் கூடுதல் இடம் தேவைப்படும்.

இரண்டாவது சர்வரும் இணைய வேண்டும் என்பதற்காக ரெடிஸை எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிடாதீர்கள். உள் வலையமைப்பு முகவரியில் மட்டும் இயக்கி, வலுவான கடவுச்சொல் வையுங்கள். அமர்வில் மாணவர் பெயர் இருந்தாலே, 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் காக்கும் பொறுப்பு நிலையத்துக்கு உண்டு.

மாற்றும்போது பழைய அமர்வுகள் புதிய ரெடிஸில் இருக்கமாட்டா. எல்லாரும் ஒருமுறை மீண்டும் உள்நுழைய நேரும். எனவே கடைசி வகுப்பு முடிந்த பிறகு, இரவில் செய்யுங்கள்.