எல்லா நியூரானும் ஒரே நேரத்தில் மின்னுகிறதா?

கேள்வி: சுண்டெலி மூளையில் பார்வையைக் கையாளும் பார்வைப் புறணியை, செல்லுக்குள் கால்சியம் ஏறும்போது ஒளிரும் ஜிகேம்ப்6எஸ் புரதத்தை வைத்து, டூ-போட்டான் மைக்ராஸ்கோப்பில் நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் பதிவு செய்தேன். பதிவில் செல்களைக் கண்டுபிடிக்கும் சூட்2பி மென்பொருள் சுமார் 200 செல்களை எடுத்துத் தந்தது. அநேகமாக எல்லாவற்றின் ஒளியும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்குகிறது. இதை ஒத்திசைவு என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒன்று சொல்லுங்கள், சூட்2பி தரும் ‘எஃப்’ என்ற கோப்பை அப்படியே எடுத்து வரைந்தீர்களா? பலர் வழுக்கி விழும் இடம் அது. அதில் நியூரோபில் ஒளி, அதாவது செல்லைச் சுற்றியுள்ள நரம்பிழைகளின் ஒளி, கழிக்கப்பட்டிருக்காது. அது ‘எஃப்நியூ’ என்று தனிக் கோப்பில் இருக்கும். செல்லைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் ஆக்ஸான், டென்ட்ரைட் இழைகளிலும் ஜிகேம்ப் உண்டு. அவற்றின் ஒளி மேலிருந்தும் கீழிருந்தும் கசிந்து செல்லின் கணக்கில் சேர்ந்துவிடும். பக்கத்து வீட்டு ரேடியோ நம் வீட்டிலும் கேட்பது போலத்தான்.

செல்லும் ரத்தக்குழாயும் இல்லாத இடத்தில் சின்ன வட்டம் போட்டு, அதன் சிக்னலை வரையுங்கள். உங்கள் 200 கோடுகளும் அதன் நகல் போலவே இருந்தால் விஷயம் புரிந்துவிடும். எஃப்நியூவை 0.7 ஆல் பெருக்கிக் கழியுங்கள். 0.7 என்பது வழக்கமான எண், வேதவாக்கு அல்ல. பக்கத்தில் ஒளி ஏறும்போதெல்லாம் செல்லின் கோடு பள்ளம் விழுந்தால், அதிகமாகக் கழித்துவிட்டீர்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. மங்கலான செல்லில் கழித்த பிறகு அடிக்கோடு (செல் சும்மா இருக்கும்போதுள்ள ஒளி) பூஜ்யத்தை ஒட்டிவிடும். ஒளி மாற்றத்தை அதைக் கொண்டு வகுத்தால் கிடைக்கும் டெல்டா எஃப் பை எஃப் 40, 50 என்று எகிறும். அது செல்லின் சாதனை இல்லை, வகுத்தலின் கோளாறு. அத்தகைய செல்களை ஒதுக்கிவிடுவதே நல்லது.

அப்புறம், ஜிகேம்ப்6எஸ் மெதுவானது. ஒரு ஸ்பைக் (செல் சுடும் ஒரு மின்துடிப்பு) எழுப்பிய ஒளி அடங்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். அரை நொடி முன்பின்னாகச் சுட்ட இரண்டு செல்கள்கூட ஜோடி போலத் தெரியும். அதனால் மெதுவான ஒளியிலிருந்து ஸ்பைக் நேரத்தை மதிப்பிடும் டீகன்வல்யூஷன் கணக்கைச் செய்த பிறகே ஒத்திசைவைக் கணக்கிடுங்கள். சூட்2பி-யில் ஒளி அடங்கும் வேகத்தை நொடியில் குறிக்கும் ‘டாவ்’ 1 என்றே இருந்தால் 1.25 முதல் 1.5 வரை மாற்றிப் பாருங்கள். வரும் எண்கள் ஸ்பைக் எண்ணிக்கை அல்ல, ஒப்பீட்டளவில்தான் பொருள்.

இத்தனைக்கும் பிறகு ஒத்திசைவு நின்றால், சுண்டெலி ஓடிய நேரத்தையும் சும்மா நின்ற நேரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஓடும்போது பார்வைப் புறணி உண்மையிலேயே சேர்ந்து விழித்துக்கொள்ளும்.